பெட்டிக்குள் இருப்பது யாருடைய இலக்கியம்?

தோர்ண்டன் ஹீத்தில் எமது நண்பர் ஒருவரின் அந்தியேட்டி முடிந்த மறுவாரம், அவருடைய புத்தகங்களை வந்து பார்க்கும்படி வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. நாலு பேர் போனோம். மேல் அறையில் பதினொரு பெட்டிகள். பழைய 'மல்லிகை' இதழ்கள், டானியலின் 'பஞ்சமர்', பாரிஸ் 'உயிர்நிழல்', நோர்வேயின் 'சுவடுகள்', கனடாவின் 'காலம்'. நண்பரின் மகள் தமிழ் நன்றாகக் கதைப்பாள், வாசிக்கத் தெரியாது. அவள் கேட்டது ஒன்றுதான்: "மாமா, அப்பா இதுக்குள்ளை என்னத்தை வாசிச்சுக்கொண்டிருந்தவர்?"

நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். புலம்பெயர் இலக்கியம் பற்றி எத்தனையோ கூட்டங்களில் பேசியவர்கள் நாம். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடத்தில் சொல்ல எம்மிடம் எதுவும் இருக்கவில்லை.

மொழி கைமாறாத இடத்தில் இலக்கியம் கைமாறுமா? மாறாவிட்டால் பிழை யாருடையது? வழக்கமாக நாம் பிள்ளைகளைத்தான் குறை சொல்வோம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு ஒழுங்காகப் போகவில்லை என்போம். அது முழு உண்மைதானா என்று பார்க்க, இதே இக்கட்டை எமக்கு முன்பே கண்ட ஒரு மக்களின் இலக்கிய வரலாற்றைச் சற்று நோக்கலாம்.

பிலிப்பைன்ஸ் இலக்கிய வரலாற்றின் காலப்பிரிவுகள் ஆண்டவர்களின் பெயராலேயே பெரும்பாலும் வழங்குகின்றன. எமது வரலாற்று நூல்களும் போர்த்துக்கேயர் காலம், ஒல்லாந்தர் காலம், ஆங்கிலேயர் காலம் என்றுதானே பிரிக்கின்றன? ஆனால் அங்கே ஆட்சியோடு எழுத்தின் மொழியும் மாறியது. ஸ்பானியர் வருமுன் இருந்த பாய்பாயின் எழுத்து அவர்களின் ஆட்சியில் பெரும்பாலும் வழக்கொழிந்தது. 1838 இல் பலக்தாஸ் தகாலோக் மொழியில் தம் காவியத்தைத் தந்தார். 1887 இல் ஹோசே ரிஸால் பெர்லினில் அச்சிட்ட 'நோலி மீ தாங்கெரே' நாவலோ ஸ்பானிய மொழியில் இருந்தது. 1898 இல் நாடு அமெரிக்கர் கைக்குப் போயிற்று. 1901 இல் கப்பல் நிறைய அமெரிக்க ஆசிரியர்கள் வந்து இறங்கினார்கள். 1925 இல் பாஸ் மார்கெஸ் பெனிதெஸ் எழுதிய ஆங்கிலச் சிறுகதை அந்நாட்டு நவீன இலக்கியத்தின் தொடக்கங்களில் ஒன்றாகப் போற்றப்படுகிறது. ஒரே வீட்டில் பேரன் எழுதும் மொழி தாத்தாவின் மொழியாக இருக்கவில்லை.

1888 இல் ரிஸால் எமது இதே லண்டனுக்கு வந்தார். பிரித்தானிய நூதனசாலையின் வாசிகசாலையில் இருந்து, மோர்கா என்ற ஸ்பானிய அதிகாரி 1609 இல் வெளியிட்ட பிலிப்பைன்ஸ் வரலாற்றைக் கையால் பிரதி செய்து, தமது குறிப்புகளோடு பின்னர் பாரிசில் பதிப்பித்தார். ஆள வந்தவனின் நூலிலிருந்தே தம் மக்களின் பழைய வாழ்வை மீட்கப் பார்த்தார். அவரும் தோழர்களும் எழுதிய 'லா சொலிதாரிதாத்' என்ற பத்திரிகை 1889 முதல் 1895 வரை முதலில் பார்சலோனாவிலும் பின்பு மட்ரிட்டிலும் வெளிவந்தது. அதுவும் ஸ்பானிய மொழியில்தான். ஊரிலிருந்த சனத்தில் பெரும்பாலானோர் வாசிக்க முடியாத மொழி அது. எமது புலம்பெயர் சஞ்சிகைகளின் கதை இதற்கு நேர்மாறு. ஊரிலுள்ளவர்களால் வாசிக்க முடியும். எமது வீட்டுக்குள் இருக்கும் பிள்ளைகளால் முடியாது.

அவர்கள் இழந்த வாசகரை எப்படி மீட்டார்கள்? ரிஸாலின் நாவல்கள் தகாலோக்கிலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கப்பட்டன. 1956 இல் திருச்சபையின் கடும் எதிர்ப்பையும் மீறி, அவற்றைக் கல்விநிலையங்களில் கட்டாயமாகக் கற்பிக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதே 1956 இல்தான் எமது நாட்டில் தனிச்சிங்களச் சட்டம் வந்தது என்பதை நினைக்க மனம் கசக்கிறது. இன்று பிலிப்பைன்ஸ் மாணவர் தமது தேசத்தின் முதன்மையான நாவலை மொழிபெயர்ப்பில்தான் வாசிக்கிறார்கள். அது ஓர் இழப்புத்தான். ஆனால் வாசிக்கிறார்கள்.

மொழிபெயர்த்துக் கொடுத்தால் பிள்ளைகள் தமிழைப் படிக்கவே மாட்டார்கள், அது சரணடைவு என்று எம்மிற் சிலர் சொல்வார்கள். இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. தமிழில் வாசிப்பதற்கு ஈடு தமிழில் வாசிப்பதுதான். ஆயினும் ரிஸாலின் நாவல் வெளிவந்த அதே 1887 இல் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை என்ன செய்தார்? ஏடு வாசிக்கத் தெரியாத தலைமுறையை வைதுகொண்டு இருக்கவில்லை. கலித்தொகையை அச்சுக்குக் கொண்டுவந்தார். கடன் வைத்திருப்பவர் கைமாற்றிக் கொடுக்கவேண்டியவரே என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஈழத்தமிழர் கதை ஆங்கிலத்தில் இல்லாமலில்லை. லண்டனில் வாழ்ந்த அ. சிவானந்தனின் நாவல் 1997 இல் வந்தது. அனுக் அருட்பிரகாசம் 2021 இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றார். வி. வி. கணேசானந்தன் 2024 இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசை வென்றார். எமது பிள்ளைகள் இவற்றை வாசிக்கிறார்கள், மகிழ்ச்சியே. ஆனால் பெட்டிக்குள் இருப்பவை மூடியே கிடந்தால், அவர்கள் அறியப்போகும் நாம் பெரும்பாலும் அடிபட்டவர்கள்தான். நாமும் அடித்தவர்கள் என்று 1972 இலேயே 'பஞ்சமர்' சொன்னது. ரிஸாலும் அந்நியரை மட்டும் எழுதவில்லை. ஸ்பானியராகத் தம்மைக் காட்டிக்கொண்ட சொந்த மக்களையும் கேலி செய்தார். தன் வெட்கத்தை மறைத்துவிட்டு வீரத்தையும் துயரத்தையும் மட்டும் கொடுக்கும் தலைமுறை, பாதி இலக்கியத்தைத்தான் கொடுக்கிறது.

1981 இல் யாழ்ப்பாண நூலகத்தை, ஏறத்தாழ 97,000 நூல்களோடு, மற்றவர்கள் எரித்தார்கள். தோர்ண்டன் ஹீத்தில் பதினொரு பெட்டிகளை நாமேதான் கைவிடவிருந்தோம். 2005 முதல் நூலகம் நிறுவனத்தார் ஈழத்து நூல்களை எண்ணிம வடிவில் சேமித்து வருவது பெரும் பணி. ஆனால் எழுத்துத் தெரியாத பிள்ளைக்குத் திரையும் பெட்டியும் ஒன்றே.

இப்போது மாதம் இரண்டு சனிக்கிழமை அந்த வீட்டில் கூடுகிறோம். நாம் 'பஞ்சமரை' உரத்து வாசிக்கிறோம். மகள் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்கிறாள். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. மூன்றாம் நாள் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, இதிலை எங்கடை ஆக்கள் எந்தப் பக்கம்?"

அன்று வாசிப்பை நிறுத்தி, அதற்குத்தான் பதில் சொன்னோம்.