தையல் தெரியும் பக்கம்

டிரங்குப் பெட்டியின் அடியில் அம்மாவின் வெள்ளைச் சேலைகள் இரண்டு இருக்கின்றன. 'வாயில்' ரகத் துணி. மடிப்புகளில் பழுப்பேறிவிட்டது. போன அக்டோபர் கடைசியில் ஒரு ராத்திரி, சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு மகள் வந்து கேட்டாள்: "எம்மா, ஆச்சியோட வெள்ளச் சேலைய ஒரு நாளைக்கு நான் கட்டிக்கிடட்டுமா?"

அவள் வேலை பார்க்கும் இடத்தில் 31ஆம் தேதி ஹாலோவீன். முகமூடி, கொம்பு, ரத்தச் சாயம் எதுவும் வேண்டாம், அன்றாடம் உடுத்துகிற துணியிலேயே லேசாகப் பேய்க்களை தெரிந்தால் போதும் என்று சொல்லியிருந்தார்களாம். அந்த 'லேசாக' என்பதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. முழு வேஷத்தைக் கடையில் வாங்கிவிடலாம், இதற்குத்தான் யோசிக்க வேண்டும் என்றாள்.

யோசித்திருந்தாள். கட்டிலில் ஒவ்வொன்றாகப் பரப்பி எனக்குக் காட்டினாள். கறுப்புக் காட்டன் குர்த்தா. அக்டோபரில் மழை ஓய்ந்து புழுக்கம் ஏறும் மும்பைக்குப் பருத்தியை விட்டால் வேறு துணி ஆகாது. அதன் மேல் சிலந்திவலை மாதிரி தெரிகிற சாம்பல் நிற நெட் துப்பட்டா. கண் மையைக் கீழிமையில் விரலால் இழுத்துக் கலைத்தால் பல நாள் தூங்காத முகம் வந்துவிடும். நகத்துக்குக் காய்ந்த ரத்த நிறம். பொட்டு மட்டும் கறுப்பு. "எல்லாத்தையும் சேத்துப் போட்டா கெட்டுப் போயிரும். ரெண்டோட நிறுத்திக்கிடணும். ஒண்ணே ஒண்ணு இடம் மாறி இருக்கணும், அதப் பாக்கிறவங்களுக்கு ஏன்னு தெரியாம மனசு உறுத்தணும்" என்றாள். நகராட்சித் தமிழ்ப் பள்ளியில் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்தவள் நான். இதைவிடத் தெளிவாக அந்த வித்தையை நான் யாருக்கும் சொன்னதில்லை.

நானும் உற்சாகமாகிவிட்டேன். நம் ஊர்ப் பேய்க்குக் குர்த்தாகூடத் தேவையில்லையே என்றேன். தலையை விரித்துவிட்டு, மல்லிகைப் பூ வைத்து, கொலுசு போட்டால் ஆயிற்று. திருநெல்வேலிப் பக்கத்துக் கதைகளில் பேய் முதலில் வாசமாக வரும், பிறகு சத்தமாக வரும், உருவம் கடைசியில்தான். விளக்கு வைக்கிற நேரத்தில் நான் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றால் அம்மா பதறிவிடுவாள். தினமும் செய்கிற காரியம்தான், நேரம் தப்பிச் செய்தால் பயம் வந்துவிடுகிறது. மகள் சொன்ன இடம் மாறிய ஒன்று அதுதான்.

ஆனால் வெள்ளைச் சேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று உடனே சொல்ல வரவில்லை. அன்று ராத்திரி முழுக்க அதே நினைப்பாகக் கிடந்தேன்.

வெள்ளைச் சேலைப் பேயை இந்த மும்பைதான் படம் பிடித்து நாடு முழுக்க அனுப்பியது. 1964இல் வந்த 'வோ கௌன் தீ' இந்திப் படத்தில் சாதனா மழை ராத்திரியில் வெள்ளைச் சேலையில் நிற்பார். இரண்டு வருஷம் கழித்து அதே கதை தமிழில் 'யார் நீ' என்று வந்தது, ஜெயலலிதா நடித்தார். அதற்குப் பிறகு வெள்ளைச் சேலை, விரிந்த தலை, கையில் மெழுகுவத்தி என்றால் குழந்தைக்கும் அது பேய். ஆனால் அந்தத் துணி எங்கிருந்து வந்தது? புருஷனை இழந்தவளின் அன்றாட உடுப்பு அது. அவள் எதிரே வந்தால் வீட்டுக்குத் திரும்பிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிய சமூகம் நாம். கல்யாண வீட்டில் முன்வரிசையில் அவளை உட்காரவைக்காத சமூகம். நாம் ஒதுக்கிய பெண் ராத்திரியில் வந்து கேட்டுவிடுவாளோ என்ற பயமே திரையில் பேயாக நின்றது என்று நான் நம்புகிறேன். இதற்கு என்னிடம் இருக்கிற சான்று எங்கள் அம்மா மட்டும்தான். முப்பது வயதுக்குள் வெள்ளை கட்டிக்கொண்டாள். நாற்பது வருஷத்துக்கும் மேலாக வேறு நிறம் அவள் உடம்பில் ஏறவில்லை.

அவள் பிழைத்ததும் துணியால்தான். உள்பாவாடை தைத்துக் கொடுப்பாள், டஜன் கணக்கில் கூலி. பிறகு சேலைக்கு ஃபால் வைத்து பீக்கோ அடித்துக் கொடுத்தாள். யார் புதுத் துணி காட்டினாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள். "வெளிய என்னமும் மினுக்கலாம்ட்டீ. தையலப் பாரு, யார் தச்சா, எம்புட்டு அவசரத்துல தச்சான்னு அது சொல்லீரும்" என்பாள்.

எங்கள் குடியிருப்பின் உள்பக்கத்தையும் சொல்ல வேண்டும். டிராம்பேயில் சீத்தா கேம்ப் என்ற இந்த இடத்துக்கு நாங்களாக வரவில்லை. இதற்கு முன் ஜனதா காலனி. தமிழர்கள் நிறைந்த குடியிருப்பு. 1976 மே 17, நெருக்கடி நிலைக் காலம். அன்று காலனி இடிக்கப்பட்டது. ஏறக்குறைய 70,000 பேர் இந்தச் சதுப்பு நிலத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். காலனியைக் காக்க வருஷக்கணக்கில் போராடிய ஜாக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். பிறகு குடிசைவாசிகளின் இயக்கத்தை நாடு முழுக்கக் கொண்டுபோனார், 2011இல் பத்மஸ்ரீ வாங்கினார், 2018இல் காலமானார். காலனி இடிக்கப்பட்டபோது எனக்குப் பதினொரு வயது. என் நினைவில் இருப்பது அம்மாவின் வெள்ளைச் சேலை ஒன்று. அதைத் தரையில் விரித்து, பாத்திரம், அரிசி, என் பள்ளிப் புத்தகம், தையல் மெஷினின் தலை எல்லாவற்றையும் வைத்து நான்கு முனையையும் இறுக்கி முடிச்சுப் போட்டாள். அன்றைக்கு எங்கள் வீடு அந்தச் சேலைக்குள் இருந்தது.

பெட்டியில் கிடக்கும் இரண்டில் ஒன்றுதான் அது என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். அது இல்லை. கிழிந்து கரித்துணியாகி எப்போதோ போய்விட்டது.

மறுநாள் இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு முந்தின வருஷத்து ஹாலோவீனில் நடந்த ஒன்றைச் சொன்னாள். இத்தனை நாளும் அவள் அதை என்னிடம் சொல்லவில்லை. உடன் வேலை பார்க்கும் ஒரு பையன், நல்ல பையன்தானாம், கிழிந்த பனியனும் முகத்தில் கரியும் தோளில் கோணிச் சாக்குமாக வந்திருக்கிறான். என்ன வேஷம் என்று கேட்டதற்கு, ஜோப்படாப்பட்டி என்றானாம். சேரி. எல்லோரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். "நான் எங்க இருந்து வாறேன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியாதும்மா. செம்பூர்னுதான் சொல்லி வச்சிருக்கேன்."

செம்பூர் என்பது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. என் மகள் தினமும் காலையில் சட்டையை இரண்டு தரம் இஸ்திரி போடுவாள். செருப்பில் சந்துச் சேறு பட்டிருந்தால் மான்குர்ட் ஸ்டேஷனில் குழாயடியில் நின்று கழுவிவிட்டுத்தான் ரயிலேறுவாள். சுத்தக்காரி என்று பெருமைப்பட்டிருக்கிறேன். அது அவள் தினமும் கட்டுகிற வேஷம் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அன்றாட உடுப்பிலேயே லேசாக வேறு ஆளாகத் தெரிவது எப்படி என்று அவளுக்கு அத்தனை நுட்பமாகத் தெரிந்திருந்ததற்கும் காரணம் புரிந்தது.

வேஷம் கட்டுவதே தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. குலசேகரன்பட்டினத்தைப் பார்த்தவள் அப்படிச் சொல்ல முடியாது. தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரை ஊர், குலசை என்று சுருக்கிச் சொல்வோம். அங்கே முத்தாரம்மன் கோயிலில் பத்து நாள் தசரா. கொடியேறியதும் காப்புக் கட்டிக்கொண்டு ஆயிரமாயிரம் பேர் வேஷம் போடுவார்கள். காளி, குறத்தி, குரங்கு, கரடி, ராஜா, போலீஸ், பைத்தியம், பேய். அந்தக் கோலத்தில் ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்கி, கடைசியில் உண்டியலில் போடுவார்கள். பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரம். பிச்சைக்காரர் வேஷத்தை நிறைய பேர் நேர்ந்துகொள்வார்கள், வசதியானவர்களும்தான்.

எனக்குக் காய்ச்சல் வந்து பிழைத்ததற்காக அம்மா நேர்ந்திருந்தாள். 1978இல் என்னையும் கூட்டிக்கொண்டு ரயிலேறிப் போனாள். மற்றவர்கள் புதுத் துணி வாங்கிக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா தன் வெள்ளைச் சேலையையே கட்டிக்கொண்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கையில் ஒரு அலுமினியத் தட்டை எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். "நீ வேஷமே போடலியேம்மா?" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. ஒரு வீட்டு வாசலில் போய் நின்றாள். உள்ளேயிருந்து ஒரு பெரியம்மா ஓடி வந்து, இரண்டு கையாலும் தட்டில் அரிசியும் காசும் போட்டு, தாயே என்று கும்பிட்டாள். அதே சேலையில்தான் மும்பையில் அம்மா கூலி வாங்கப் போய்க் கடை வாசலில் மணிக்கணக்கில் நிற்பாள். எந்தக் கல்யாணத்துக்கும் போகாமல் மாவரைத்துக்கொண்டிருப்பாள். அதே துணி. அந்தப் பத்து நாளும் தெருவில் அவள் எதிரே வந்தது ஒருவருக்கும் அபசகுனமாகப் படவில்லை.

குலசையில் குறத்தியாக வருகிறவனுக்கும் கோணிச் சாக்கோடு வந்த அந்தப் பையனுக்கும் என்ன வித்தியாசம் என்று இப்போதும் யோசிக்கிறேன். குலசையில் வேஷம் போட்டவன் அதற்குள் பத்து நாள் இருக்கிறான், பசித்துக் கிடக்கிறான், கை நீட்டுகிறான், அடுத்தவர் வாசலில் காத்து நிற்கிறான். ஆனாலும் குறவர் வீட்டுப் பெண் ஒருத்தி அந்த ஊர்வலத்தைப் பார்த்தால் அவளுக்கு என்ன தோன்றும் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஹாலோவீனும் ஏழைகளின் வழக்கமாக இருந்ததுதான். நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருநாள், 2ஆம் தேதி கல்லறைத் திருநாள். இங்கே கத்தோலிக்கக் குடும்பத்தார் அன்றைக்குப் பூவும் மெழுகுவத்தியுமாகக் கல்லறைக்குப் போவார்கள். புனிதர் திருநாளுக்கு முந்தின நாள் ராத்திரிதான் ஹாலோவீன். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அன்றைக்கு வீட்டிலிருந்த பழந்துணியைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் கரி பூசி வீடு வீடாகப் போவார்கள். டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைப்பார்கள். 1845க்குப் பின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் கப்பலேறிய ஐரிஷ்காரர்கள் போன இடத்துக்கு அந்த ராத்திரியையும் கொண்டுபோனார்கள். அமெரிக்காவில் கிழங்கு பூசணியாயிற்று. அந்தத் தீவுகளில் இன்னொரு நம்பிக்கையும் உண்டு: வனதேவதைகள் வழி மறித்துத் திசை தடுமாறினால் மேல்சட்டையைக் கழற்றி உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும், வழி தெரிந்துவிடும்.

இதை நான் சொன்னதும் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எழுந்து போய்க் கறுப்புக் குர்த்தாவைத் திருப்பிப் பிடித்தாள். ஓவர்லாக் நூல், தோளில் மடிப்பு, பக்கத்தில் நான் பிரித்துத் தைத்த இடம், கழுத்துக்குப் பின்னால் கம்பெனிச் சீட்டு. "ஆச்சி பாக்கிற பக்கம்" என்றாள். சேலையை அவளே மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

31ஆம் தேதி காலை, குர்த்தாவை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். மை இல்லை, கறுப்புப் பொட்டு இல்லை, தலையை வழக்கம்போல் பின்னியிருந்தாள். யாராவது கேட்டால் ஆச்சியைப் பற்றிச் சொல்வேன், சீத்தா கேம்ப்பையும் சொல்வேன் என்று வாசலில் என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். ஷேர் ஆட்டோவில் ஒருவரும் கவனிக்கவில்லை.

சாயங்காலம் வந்து நடந்ததைச் சொன்னாள். மான்குர்ட்டில் பெண்கள் பெட்டியில் ஏறியதுமே, கீரைக் கூடையோடு கீழே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா குர்த்தாவின் ஓரத்தைப் பிடித்து மெதுவாக இழுத்து, "பேட்டீ, உல்ட்டா பெஹ்னா ஹை" என்றாராம். மகளே, திருப்பிப் போட்டிருக்கிறாய். தெரிந்துதான் போட்டிருக்கிறேன் என்று இவள் சொல்ல, அவர் நம்பவில்லை. காலையில் அவசரம், யாருக்கும் நடப்பதுதான், இதற்கு ஏன் கூச்சம் என்று எழுந்துவிட்டார். பக்கத்திலிருந்த இரண்டு பெண்கள் துப்பட்டாவைக் கழற்றி ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத் திரை கட்டினார்கள். ரயில் வாஷிக் கடற்கழிப் பாலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மான்குர்ட்டுக்கும் வாஷிக்கும் நடுவில் ஸ்டேஷன் கிடையாது. அவசரமில்லாமல் மாற்று என்று கீரைக்கார அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாராம்.

"அப்புறம்?"

"மாத்தீட்டேன்."

ஆபீஸ் போய் மறுபடி திருப்பிப் போட்டாயா என்று கேட்டேன். பாத்ரூம் வரைக்கும் போனாளாம். கழுத்துப் பொத்தானில் கை வைத்தாளாம். மனசு வரவில்லை என்றாள்.