எடைச் சீட்டில் உள்ளது

2018இல் மத்திய அரசு சரக்கு வாகனங்களின் எடை வரம்பைக் கூட்டியது. நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன் என்றிருந்தது 11.5 டன் ஆனது. மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னுக்கு ஏறியது. நேற்றுவரை அபராதத்துக்குரிய சுமை மறுநாள் முறையான சுமை. அப்படியானால் ஓவர்லோடு என்பது வெறும் விதிமீறல்தானே, அதில் பாவ புண்ணியம் எங்கே வந்தது என்று சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ லாரி வைத்திருப்பவர் கேட்டால், குதர்க்கம் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் தார்ச்சாலை அரசாணை படிப்பதில்லை. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோதனைச் சாலைகள் போட்டு லாரிகளை மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் எடை இரட்டித்தால் சாலைச் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்ற கணக்கு அதிலிருந்து வந்ததுதான். அதன்படி 11.5 டன் தாங்கும் அச்சில் 15 டன் ஏற்றினால், கூடிய எடை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சேதம் மட்டும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. லாபம் ஏற்றியவருக்கு, குழி ஊருக்கு. கிணத்துக்கடவு, மதுக்கரைப் பக்கம் குவாரியிலிருந்து மெயின் ரோட்டுக்கு வரும் ஊராட்சிச் சாலையில் டவுன்பஸ் ஆடி ஆடிப் போவதும், ஜல்லி சிதறிய வளைவில் ஸ்கூட்டர் சறுக்குவதும் அந்தக் கணக்கின் மிச்சம்.

பாதிக்கப்படுவது மனிதர் மட்டும் என்றும் சொல்வதற்கில்லை. தாளவாடி மலைக் கரும்பு, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி சத்தியமங்கலம் பக்கத்து ஆலைக்கு வருகிறது. அளவுக்கு மீறி உயர அடுக்கிய கட்டுகளிலிருந்து கரும்பு உதிர, அதைத் தின்று பழகிய யானைகள் ஆசனூர், காரப்பள்ளம் பகுதியில் சாலையிலேயே நின்று லாரியை மறிக்கத் தொடங்கின. லோடின் உயரத்தை மட்டுப்படுத்தக் காரப்பள்ளம் சோதனைச்சாவடியில் இரும்புத் தடுப்பு வைக்க வேண்டியதாயிற்று. நாலு கட்டு கூடுதலாக ஏற்றியவர் காட்டின் நடப்பை மாற்ற நினைத்திருக்க மாட்டார். நினைக்கவில்லை என்பது சமாதானம் ஆகுமா?

இருப்பதில் வலுவான சமாதானம் வேறு. ‘எல்லாரும் ஏத்தறாங்க, நான் மட்டும் அளவா ஏத்துனா டீசலுக்கும் டியூவுக்கும் கட்டாது.’ இது பொய்யில்லை. வாடகை டன் கணக்கில் பேசப்படும்வரை, பத்துப் பேர் மிஞ்சி ஏற்றினால் டன் வாடகை இறங்கும்; பதினோராவது ஆளுக்கும் மிஞ்சி ஏற்றுவதைத் தவிர வழியிருக்காது. லாரி உரிமையாளர் சங்கங்களே ஓவர்லோடை எதிர்த்துப் பேசுவது இதனால்தான். ஒற்றை வண்டிக்காரரை இந்த விஷயத்தில் பாதி மன்னிக்கலாம்.

குவாரிக்கும் வீடு கட்டுபவருக்கும் அந்தப் பாதியும் கிடையாது. எம்-சாண்ட் யூனிட் கணக்கில் விற்கிறது. ஒரு யூனிட் நூறு கன அடி, எடை நாலரை டன்னுக்குக் குறையாது. பத்துச் சக்கர டிப்பரில் நாலு யூனிட் போட்டாலே வண்டி எடையும் சேர்ந்து 28.5 டன் வரம்பை உரசும். ஆறு யூனிட் கேட்டு வாங்குபவருக்கு இந்தப் பெருக்கல் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். குவாரி எடைமேடை ஆளுக்குத் தெரியும்: காலி வண்டி இவ்வளவு, லோடு வண்டி இவ்வளவு என்று கிலோ சுத்தமாகச் சீட்டில் அச்சடித்துத் தருகிறார். குற்றத்தின் அளவு முதல் நிமிடத்திலேயே எழுத்தில் இருக்கிறது. பிடிபடும்போது பதில் சொல்வது மட்டும், அந்த எடையைத் தீர்மானிக்காத டிரைவர்.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு ஓட்டுபவரோடு, ஓட்டச் செய்பவரையும் ஓட்ட விடுபவரையும் சேர்த்தே சொல்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. அபராதம் கட்டிவிட்டு அதே பாரத்தோடு போக முடியாது, மிஞ்சியதை இறக்கியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005லேயே சொல்லிவிட்டது. வாளையாறு சாலையில் நள்ளிரவில் பத்து டன் ஜல்லியை எங்கே இறக்குவது? அந்தத் தொல்லை ஏற்றிய குவாரியைச் சேர வேண்டும்: சீட்டில் பெயர் உள்ள குவாரி தன் செலவில் வேறு வண்டி அனுப்பி மிச்சத்தை எடுத்துப் போகட்டும், அதுவரை டிரைவருக்குப் படியும் கொடுக்கட்டும்.