தொண்டும் துண்டும்

நோயாளியின் அழுக்கைத் துடைக்கும் பெண்ணைத் 'தேவதை' என்று புகழ்வோர் நாட்டில் ஏராளம். 2020ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் மாலை 5 மணிக்கு நம் நாட்டார் வாசலில் நின்று கை தட்டினர். தட்டையும் கரண்டியால் தட்டினர். அதே ஆண்டு பிரிட்டனிலும் வியாழன்தோறும் இரவு 8 மணிக்குக் கை தட்டினர். ஓசை ஓய்ந்தது, உழைப்பு ஓயவில்லை, ஊதியமோ உயர்ந்தபாடில்லை.

இந்தப் புகழுரையை நாம் ஏற்கவில்லை. ஏன்? தேவதைக்குப் பசியில்லை, ஆகவே கூலி கேட்கமாட்டாள். தேவதைக்குக் களைப்பில்லை; ஆகவே ஓய்வு கேட்கமாட்டாள். தேவதைக்குச் சங்கம் தேவையில்லை. அவளை வானத்தில் ஏற்றிவிட்டால், மண்ணில் அவளுக்குத் தரவேண்டியதைத் தராமலே தப்பித்துவிடலாம் அன்றோ! தேவதைக்குச் சிறகுகள் உண்டு என்பர். நாம் பேசப்போகும் பெண்ணுக்கோ, இருக்கும் கால்களையும் கட்டிப்போட ஒரு சீட்டு இருக்கிறது.

போடிநாயக்கனூர் வட்டாரத்து இராசிங்காபுரத்தில், மேற்கு மலைச் சரிவை நாளெல்லாம் பார்த்துக்கொண்டு வளரும் பிள்ளைகள், பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் தறுவாயில் ஆசிரியராகிய நம்மிடம் ஒரு கேள்வி கேட்கின்றனர்: "வெளிநாட்டு மருத்துவமனையில், முதியோர் இல்லத்தில், உதவியாளர் வேலை கிடைக்குமாம். விசாவும் அவர்களே ஏற்பாடு செய்வார்களாம். போகலாமா?" போகலாமா என்பது பயணக் கேள்வி போலத் தோன்றும். உண்மையில் அது அறத்தைப் பற்றிய கேள்வி. எந்த வேலை இழிவு? எந்த வேலை அடிமைத்தனம்? இவ்விரண்டையும் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் அந்தப் பிள்ளைகளுக்கு விடை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

முதலில் இழிவைப் பார்ப்போம். படுக்கையில் கிடப்பவரைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புண் வராதபடி புரட்டிப் படுக்கவைப்பது, விரிப்பு மாற்றுவது, பெட்பேன் எடுப்பது. இவை அந்த உதவியாளரின் வேலைகள். இந்த வேலையை உள்ளூர் மருத்துவமனையில் செய்பவளுக்கு 'ஆயா' என்று பெயர். அவளுடைய சாதி என்ன என்று கேட்காமலே ஊகிப்பவர் எத்தனை பேர்! "என் மகளா? பிறர் மலத்தை அள்ளவா?" என்று சீறும் தந்தை, அதே மகளை அதே வேலைக்கு இங்கிலாந்துக்கு அனுப்ப நிலத்தை அடகு வைக்கிறார். ஊரில் தீட்டான வேலை, விமானம் ஏறியதும் உயர்வாகிவிட்டதா?

வேடிக்கையைப் பாருங்கள். கடலைத் தாண்டினாலே தீட்டு என்றது அன்றைய சாத்திரம். கடலைத் தாண்டினால் தீட்டே தீர்ந்துவிடும் என்கிறது இன்றைய சாத்திரம்! இரண்டும் பொய். இழிவு வேலையில் இருந்தால் அது கப்பலிலும் விமானத்திலும் கூடவே போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால், இழிவு வேலையில் இல்லை. வேலை செய்பவரைப் பிறப்பால் அளக்கும் கண்ணில் இருக்கிறது. நோயாளியைப் பேணுதல் ஒரு காலத்தில் ஐரோப்பாவிலும் மட்டமாக எண்ணப்பட்ட வேலைதான். 1860ஆம் ஆண்டு இலண்டன் புனித தாமசு மருத்துவமனையில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். பயிற்சி வந்தது, ஒழுங்கு வந்தது, பிறகு மதிப்பும் வந்தது. வானத்திலிருந்து அது இறங்கவில்லை, மனிதர் உண்டாக்கினர்.

ஆனால் ஊரார் கண்ணுக்கு அஞ்சிய பெண், அந்த அச்சத்தையும் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டே செல்கிறாள். பெட்பேன் எடுப்பதை வீட்டுக்குச் சொல்வதில்லை. 'நர்ஸ் வேலை' என்று எழுதுகிறாள். பனியில் நின்று எடுத்த படத்தை அனுப்புகிறாள். நாளை அவளை ஒருவன் ஏய்த்தால், கூலியைக் குறைத்தால், அதையும் சொல்லமாட்டாள். சொன்னால் வேலையின் விவரமும் வெளிவந்துவிடுமே! சாதி கற்பித்த வெட்கம் அவள் வாயைப் பூட்டுகிறது. வாய் பூட்டப்பட்டவளின் காலைக் கட்டுவது எளிது.

காலைக் கட்டும் சீட்டு எது? 'ஸ்பான்சர்ஷிப்' என்று பெயர். ஒரு நிறுவனம் பொறுப்பேற்றுச் சான்றிதழ் தந்தால்தான் விசா. அந்த நிறுவனத்தில் வேலை செய்யும் வரைதான் விசா. பிரிட்டன் 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்த வழியைப் பராமரிப்புப் பணியாளர்களுக்குத் திறந்துவிட்டது. அந்த நாட்டின் முதியோரைப் பேண ஆளில்லை. நம் நாட்டின் இளைஞருக்கு வேலையில்லை. இல்லாமையும் இல்லாமையும் கைகுலுக்கின. இடையில் தரகர் புகுந்தனர். நான்காண்டு செவிலியர் பட்டம் பெற்றோரும், அந்நாட்டுப் பதிவும் ஆங்கிலத் தேர்வும் கைகூடும் வரை என்று உதவியாளராகச் சென்றனர்.

பிறகு என்ன நடந்தது? எல்லைப் பணிகளை ஆராயும் அந்நாட்டுத் தலைமை ஆய்வாளரின் அறிக்கை 2024 மார்ச்சில் வெளிவந்தது. உலகத்திலேயே இல்லாத ஒரு பராமரிப்பு இல்லத்தின் பெயரால் 275 சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருந்தன என்று அது கூறியது. 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை பராமரிப்புத் துறையில் 470க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் உரிமத்தைப் பறித்ததாக அந்த அரசே அறிவித்தது. அந்நிறுவனங்களோடு தொடர்புடைய பணியாளர் 39,000 பேருக்கு மேல். குற்றம் செய்தது நிறுவனம்; உரிமம் போயிற்று. குற்றமே செய்யாத பணியாளருக்கு என்ன கிடைத்தது? பொதுவாக 60 நாள் தவணை! அதற்குள் வேறு நிறுவனம் கிடைக்காவிட்டால் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். ஆகவே, கொடுமையைக் கண்டு புகார் எழுதுபவள் தன் விசாவுக்கும் சேர்த்தே இறுதிச் சடங்கு எழுதுகிறாள். இப்படிப்பட்ட ஏற்பாட்டில் எவள் புகார் எழுதுவாள்?

இங்கே நம் மலைப்பாதையை ஒரு முறை நினைத்துப் பார்ப்போம். விடியுமுன் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து, போடிமெட்டு ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகின்றனர் நம் பெண்கள். பொழுது சாயத் திரும்புகின்றனர். குளிர், அட்டை, வளைவுப் பாதையின் விபத்து என்று அவர்கள் படும் பாடு நமக்குத் தெரியும். அதைப் புகழ நாம் வரவில்லை. ஆனால் அவர்களிடம் ஒன்று உண்டு. மேற்பார்வையாளன் வாய் மிஞ்சினால், கூலி குறைந்தால், மறுநாள் வேறு ஜீப்பில் ஏறலாம். முன்பணம் வாங்காதவளுக்கு அந்த உரிமை உண்டு. பள்ளிப் படிப்பில்லாத தாயிடம் இருக்கும் அந்த உரிமை, பட்டம் பெற்று, கடல் கடந்து, பவுனில் சம்பளம் வாங்கும் மகளிடம் இல்லை! தாயின் கூலி குறைவு. மகளின் கூலி அதிகம். எனினும் எசமானை மாற்றும் ஆற்றலால் அளந்தால், தாய் சுதந்திரமானவள், மகள் கட்டுண்டவள்.

இந்தக் கட்டு தமிழருக்குப் புதிதன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் முன்னோரைக் கங்காணிகள் கொண்டுபோன நாளில், வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறின. வேறு தோட்டம் போக விரும்பினால், கடன் தொகையைக் குறித்து ஒரு சீட்டு எழுதினர். அந்தத் தொகையைக் கட்டும் தோட்டம் ஆளை எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். மனிதன் கைமாறினான், கடன் அவனோடு கைமாறியது. 1921ஆம் ஆண்டு சட்டம் செய்து அந்த முறையை ஒழித்தனர். நூறாண்டு கழிந்தது. காகிதத் துண்டு மின்னணுச் சான்றிதழாக வந்து நிற்கிறது. அன்றைய துண்டிலாவது கடனைக் கட்டினால் விடுதலை என்று எழுதியிருந்தது!

கடன் என்ன செய்யும் என்பதற்கு ஒரே ஒரு சான்று. 2014ஆம் ஆண்டு இராக்கின் திக்ரித் நகரில் போருக்கிடையே 46 இந்தியச் செவிலியர் சிக்கினர். பெரும்பாலோர் கேரளப் பெண்கள். ஜூலை 5ஆம் நாள் கொச்சிக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தனர். குண்டு விழும் ஊரை விட்டு வருவதற்கும் அவர்களுள் சிலர் முதலில் தயங்கினர். காரணம், வாராத சம்பளமும் ஊரில் வாங்கிய கடனும்! குண்டைவிடக் கடன் கொடியதாகத் தோன்றுமாறு ஒரு பெண்ணை நிறுத்திய ஏற்பாட்டை எந்தப் பெயரால் அழைப்பது?

"அவளே விரும்பித்தானே கையெழுத்திட்டாள்? யார் கட்டாயப்படுத்தினர்?" என்று கேட்பர் சட்டம் பேசுவோர். கேள்வி கூர்மையானது, விடையும் உண்டு. 1859இல் வெளியான தமது நூலில் ஜான் ஸ்டூவர்ட் மில் இதே முடிச்சை எடுத்துக்கொண்டார். தன்னைத்தானே அடிமையாக விற்றுக்கொள்ளும் ஒப்பந்தத்தைச் சுதந்திரத்தின் பெயரால் காக்க முடியாது என்பது அவர் முடிவு. விருப்பம் என்பது ஒரு நாள் செய்தி அன்று, நாள்தோறும் புதுப்பிக்கப்படுவது. வேண்டாம் என்று சொல்ல முடிகிறவரின் 'சரி'க்கே மதிப்பு உண்டு. சொல்ல முடியாதவரின் 'சரி' வெறும் மௌனம். நம் நாட்டில் 1976ஆம் ஆண்டு இயற்றிய கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும், கடனுக்காக வேறு வேலை தேடும் உரிமையை இழப்பதைக் கொத்தடிமையின் அடையாளங்களுள் ஒன்றாகவே வைத்தது. செங்கல் சூளையில் அடிமைத்தனம் என்று நாம் கண்டுகொள்வதை, வெள்ளைச் சுவருக்குள்ளே மட்டும் வாய்ப்பு என்று அழைப்பது எந்த நியாயம்?

"ஒரு நாடு யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்யக்கூடாதா?" என்பது அடுத்த வாதம். செய்யட்டும். 'நோயாளரைப் பேணும் பணிக்கென்று வந்தாய். அப்பணியே செய்' என்று சொல்லட்டும். அதை நாம் மறுக்கவில்லை. 'இந்த ஒருவரிடமே செய்' என்று ஏன் சொல்ல வேண்டும்? தொழிலோடு விசாவைப் பிணைக்கலாம். எசமானோடு பிணைக்க வேண்டாம். பிரிட்டனின் யூனிசன் தொழிற்சங்கமும் இந்த வகை மாற்றத்தைக் கேட்டு வாதாடியிருக்கிறது. அந்த அரசோ 2025 ஜூலை 22 முதல், வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்புப் பணியாளரை எடுக்கும் வழியை அடைத்தது. கதவைச் சாத்துவது வேறு. உள்ளே இருப்பவரின் கட்டை அவிழ்ப்பது வேறு. ஒரு நாட்டின் கதவு சாத்தினால், தரகர் வேறொரு நாட்டின் பெயரைச் சொல்லி வருவர். சீட்டின் நிறம் மாறும், முடிச்சு மாறாது.

அயலாரை மட்டும் பழிப்பது பகுத்தறிவு ஆகாது. 2011, 2012 ஆண்டுகளில் மும்பை, தில்லி, கொச்சி நகரங்களின் தனியார் மருத்துவமனைச் செவிலியர் வேலைநிறுத்தம் செய்தது எதற்காக? சொற்பச் சம்பளத்தையும், விலக விடாத ஒப்பந்தத்தையும், மூலச் சான்றிதழ்களைப் பறித்து வைக்கும் வழக்கத்தையும் எதிர்த்து! துண்டு எழுத நம் நாட்டு முதலாளிக்கும் தெரியும். அதைக் கிழிக்க நம் பெண்களுக்கும் தெரியும் என்பதை அந்தப் போராட்டம் காட்டியது. கிழித்தவர் தேவதைகள் அல்லர்; ஒன்றுகூடிய தொழிலாளர்.

ஆகவே, கேட்ட பிள்ளைகளுக்கு நம் விடை இது. போகலாம். அந்த வேலையில் இழிவு இல்லை. உலகத்துக்கு அதைவிட வேண்டிய வேலை அதிகம் இல்லை. ஆனால் பெயரை மறைத்துப் போகாதே. பெட்பேன் எடுக்கிறேன் என்று நிமிர்ந்து சொல்லிவிட்டுப் போ. வெட்கம் இல்லாதவளை ஏய்ப்பது கடினம். கடன் வாங்கித் தரகனுக்குக் கொட்டாதே. முகவர் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பதிவு எண்ணைக் கேள். இந்தப் பணிக்கென்றே தமிழக அரசு 1978இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது, அங்கே விசாரி. ஒப்பந்தத்தில் சம்பளத்தைப் பார்க்குமுன், விலகும் வழியைப் பார்.

தோழர்களே, நமக்கும் வேலை இருக்கிறது. ஊர்தோறும் படிப்பகம் நடத்துகிறோம். செய்தித்தாளோடு சேர்த்து அந்த ஒப்பந்தத் தாள்களையும் அங்கே விரித்துப் படிப்போம். புரியாத வரியைத் தமிழில் சொல்வோம். பயணம் போகிறவளுக்கு மாலையும் பொன்னாடையும் வேண்டாம். அவள் கடிதத்துக்குப் பதில் எழுத ஓர் ஆள் இருக்கிறார் என்ற உறுதி போதும்.

விட்டு விலக உரிமை உள்ளவர் விரும்பிச் செய்வது தொண்டு. விலக முடியாதவரிடம் பிடுங்கப்படுவது தொண்டு அன்று. அதற்கு எத்தனை கைதட்டல் கிடைத்தாலும் சரி. துண்டு இருக்கும் இடத்தில் தொண்டு இல்லை.