அன்று திறந்த கதவு

பிறர்பால் அன்பு காட்டுதல் நல்லொழுக்கம் என்பதை யாவரும் அறிவோம். அதுவே இறைவழிபாடும் ஆவது எவ்வாறு?

வடலூரில் 1867ஆம் ஆண்டு சத்திய தருமச்சாலையை நிறுவிய இராமலிங்க வள்ளலார் இதற்கு விடை கண்டார். ஓர் உயிர் துன்புறக் கண்டு மற்றோர் உயிர் உருகுவது, அவற்றினிடையே உள்ள ஆன்ம உரிமையால் என்றார். ஆகவே இரக்கம் என்பது மேலிருந்து கீழே இடும் பிச்சையன்று. மறந்த உறவை அறிந்துகொள்ளுதல். அவர் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பசித்து வருவோரிடம் அங்கே சாதியும் சமயமும் கேட்பதில்லை.

1991 டிசம்பரில் காவிரிப் பூசலால் பெங்களூர் கலங்கியபோது நாம் சிறுவராயிருந்தோம். ஓரிரவு நம் குடும்பத்தைத் தம் இல்லத்துள் அழைத்துக்கொண்டார் அண்டை வீட்டுக் கன்னடத் தாயொருவர். நம் மொழி இன்னதென்று அறிந்தே அழைத்தார். இன்று அவரில்லை, அக்கடனை அவரிடம் தீர்க்க வழியுமில்லை.

ஆனால், கட்டட வேலைக்கு வந்து, மொழி அறியாது நம் தெருவில் நிற்கும் வடநாட்டுத் தொழிலாளியிடம் அதனைத் தீர்க்கலாம். அவரைக் கண்டு முகம் சுளிப்போர் நம்மிலும் உண்டு. அன்று நமக்குத் திறந்த கதவை இன்று நாம் பிறர்க்குச் சாத்துவோமாயின், கோயிலில் கைகூப்பி நாம் தொழுவது யாரை?