கெட்டி எண்ணெய்

அப்பா விட்டுப்போன அம்பாஸடர் எண்ணெய் குடிக்கிறது. கரூர் போய்த் திரும்பினால் கால் லிட்டர். பின்னால் நீலப் புகை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் புகைந்து அடங்கினால் வால்வோடு போய்விடக்கூடும். ஏற்றத்தில் மிதிக்கும்போதெல்லாம் புகைந்தால் ரிங்கும் போரும் தேய்ந்துவிட்டன என்று கொள்ளலாம். வெள்ளகோவில் மெக்கானிக் பிளக்கைக் கழற்றித் துளை வழியே ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி கம்ப்ரஷன் பார்த்தார். முள் ஏறியது. எண்ணெய் இடைவெளியை அடைத்ததால் ஏறியது. ஆகவே கசிவு ரிங்கில்தான். 'எஞ்சினை எறக்கிப் போர் அடிச்சு, ஓவர்சைஸ் பிஸ்டன் போடோணும் தம்பி. வண்டி வெலைக்கு மேல செலவாயிரும்' என்றார்.

புரோக்கரின் யோசனை வேறு. 'கெட்டி ஆயிலா ஊத்தி, எஞ்சின் சூடேறதுக்குள்ள ஓட்டிக் காட்டிப்போடுங்க சார். பொகையே தெரியாதுங்க.'

வங்கியில் தினமும் கூட்டிக் கழிப்பவன் நான். உத்தர்பாராவில் 2014-ல் அம்பாஸடர் உற்பத்தி நின்றுபோயிற்று. 15 வருஷம் கடந்த கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022-ல் 600 ரூபாயிலிருந்து 5000 ஆயிற்று. கணக்கு, விற்றுவிடு என்றுதான் சொல்கிறது. ஆனால் விற்பதால் புகை சாலையை விட்டுப் போவதில்லை. என் பெயரை விட்டுத்தான் போகிறது.

கி.மு. 44-ல் சிஸரோ தன் மகனுக்கு எழுதிய 'கடமைகள்' நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு வீடு வருகிறது. மரம் உளுத்தது, படுக்கையறைகளில் பாம்பு. இது விற்பவனுக்கு மட்டுமே தெரியும். சொல்லாமலிருப்பது மறைப்பதாகாது என்பது டயோஜெனிஸ் கட்சி; ஆகும் என்பது அவர் மாணவர் ஆண்டிபேட்டர் கட்சி. தன் லாபத்துக்காகப் பிறரை அறியாமையில் வைத்திருப்பது மறைப்பதுதான் என்று சிஸரோ மாணவர் பக்கம் சாய்கிறார்.

நம் மாட்டுச் சந்தைகளின் வழக்கம் எனக்கு இதைவிட நுட்பமாகப் படுகிறது. துண்டுக்கடியில் விரல்கள் விலை பேசும். ஆனால் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், நடக்கவிட்டுப் பார்க்கலாம். விலைதான் ரகசியம், பண்டம் அல்ல. கெட்டி எண்ணெய் துண்டை மாட்டின் மேல் போர்த்துகிறது.

இதை எழுதும்போது வேறொன்று உறுத்துகிறது. சென்ற வருஷம் நண்பர் ஒருவரின் கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். அச்சின் நேர்த்தி, பத்து வருஷ உழைப்பு, மொழிமேல் அவருக்குள்ள பற்று எல்லாவற்றையும் சொன்னேன். கவிதைகளில் உயிரில்லை என்பதைச் சொல்லவில்லை. பொய் ஒரு வரிகூட இல்லை. டயோஜெனிஸ் என்னை விடுவித்துவிடுவார். வாசகனும் காசு கொடுத்து வாங்குகிறவன்தானே? நம் சிறு வட்டத்தில் நட்பு என்று வழங்குவதில் பெரும்பகுதி இந்தக் கெட்டி எண்ணெய்தானோ என்று சந்தேகமாக இருக்கிறது.

போன ஞாயிறு தறிக்காரர் ஒருவர் வண்டி பார்க்க வந்தார். புகையைப் பற்றி அவர் கேட்கவில்லை, நான் சொன்னேன். 'சொன்னீங்களே, அது போதுமுங்க' என்று எழுந்து போய்விட்டார். உடைக்கப் போட்டிருக்கலாம். பிளாக் இன்னொரு போருக்குத் தாங்கும் என்று மெக்கானிக் சொன்னபின், அது சோம்பலுக்குத் தத்துவம் தேடுவதாகப் பட்டது.

வண்டி இப்போது பட்டறையில், எஞ்சின் இறக்கிக் கிடக்கிறது. நண்பருக்குத்தான் இன்னும் கடிதம் எழுதவில்லை.