கணக்கில் ஏறாத காயம்

2023ஆம் ஆண்டு கிருஷ்ணகிரி மாவட்டக் காவலர்களுக்கு எப்படிக் கழிந்திருக்கும்? பிப்ரவரி 2 அன்று எருது விடும் விழாத் தகராறில் கோபசந்திரத்தில் தேசிய நெடுஞ்சாலை மறிக்கப்பட்டது. காவலர்கள் கல்லடி பட்டார்கள். ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்தார்கள். அக்டோபர் 7 அன்று கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்தது. கருகியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குப் போன பிள்ளைகள்.

இவை செய்தியில் வந்தவை. சூளகிரிக்கும் குருபரப்பள்ளிக்கும் நடுவே நள்ளிரவில் நடக்கும் விபத்துகள் பலவும் செய்தியில் வருவதில்லை. லாரிக்கு அடியிலிருந்து உடலை எடுக்க வேண்டும். இறந்தவரின் சட்டைப்பையில் விடாமல் அடிக்கும் போனை எடுத்து, “அம்மா, நான் போலீஸ் பேசறேன்” என்று தொடங்க வேண்டும். சவக்கிடங்கு வாசலில் நிற்க வேண்டும். விடிந்தால் வேறெங்கோ பந்தோபஸ்து.

2016 ஜூனில் ஓசூரில் நகைபறிப்புக் கும்பலைப் பிடிக்கப் போன தலைமைக் காவலர் முனுசாமி குத்திக் கொல்லப்பட்டார். 2020 ஜனவரியில் களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் கொல்லப்பட்டபோது அவர் குடும்பத்துக்கு அரசு 1 கோடி ரூபாய் அளித்தது. அது கொடுக்க வேண்டிய பணம்தான். ஆனால் உயிரோடு திரும்பி, உறக்கத்தை மட்டும் இழந்தவருக்கு என்ன கணக்கு?

ஓசூர் சிப்காட்டில் பிரஸ் மிஷினில் கட்டைவிரலை இழந்த தொழிலாளிக்குச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது: தொழிலாளர் இழப்பீட்டு அட்டவணைப்படி அது 30 சதவீத இழப்பு. சுட்டுவிரல் என்றால் 14. மனத்துக்கு அந்த அட்டவணையில் வரி கிடையாது. காவலருக்கோ அந்தச் சட்டமே துணைக்கு வராது. அவருக்கு நடப்பது வேறு. மெடிக்கல் லீவு கேட்டால் ‘ஓபி அடிக்கிறான்’ என்ற பேச்சு. சொல்லாமல் வீட்டில் கிடந்தால் ஆப்சென்ட். 21 நாள் தாண்டினால் ‘விட்டோடி’. பிறகு துறை ஒழுங்கு விதி 3(பி)யின்படி சார்ஜ். நோயாகத் தொடங்கியது குற்றமாக முடிகிறது. இதைத்தான் நான் அநீதி என்கிறேன். பணம் கிடைக்காதது இதைவிடச் சின்ன விஷயம்.

நோயைக் குற்றமாக்கலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் உதவி கமாண்டன்ட் ஒருவருக்கு எண்ணச் சுழற்சி நோயும் மனச்சோர்வும் இருந்தன. அவருடைய நடத்தைக்காகத் துறை விசாரணைகள் தொடங்கப்பட்டன. 2021 டிசம்பர் 17 அன்று வந்த தீர்ப்பு, நடத்தைக்கு மனநோய் ஒரு காரணமாக இருந்தாலே போதும், ஒரே காரணமாக இருக்க வேண்டியதில்லை என்றது. அத்தகைய விசாரணையைப் பாகுபாடு என்று ரத்து செய்தது. தற்போதைய பணிக்குத் தகுதியில்லை என்றால் சம்பளம் குறையாமல் மாற்றுப் பணி தர வேண்டும். அந்தப் பணியில் துப்பாக்கி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். மற்றவர்களின் பாதுகாப்பையும் அவருடைய மரியாதையையும் ஒருசேரக் காத்த தீர்ப்பு இது. ஒவ்வொரு எஸ்.பி. அலுவலகத்திலும் இதைப் படித்துக்காட்ட வேண்டும்.

ஆனால் அந்தத் தீர்ப்பு வேலையைக் காத்தது. காயத்துக்கு யார் பொறுப்பு என்பது வேறு கேள்வி. ஈழத்திலிருந்து போன நம்மவர்கள் ஏராளமாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2016இல் அதற்கு விடை சொன்னது. காவலருக்கோ தீயணைப்பு வீரருக்கோ பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருப்பதாக மனநல மருத்துவர் உறுதி செய்தால், அது பணியால் வந்தது என்றே சட்டம் கொள்ளும். இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். பொய் சொல்லிப் பணம் வாங்கிவிடுவார்களே என்ற அச்சத்துக்கு மருத்துவரின் பரிசோதனையே காவல். உறக்கமில்லாத மனிதரை, எந்த இரவு, எந்த உடல் என்று ஆதாரம் கேட்டு அலைய விடுவது இரண்டாவது காயம்.

காவலரின் மனக்காயத்தைப் பேசினால் சாத்தான்குளத்தை மறந்துவிட்டதாகச் சிலர் நினைக்கலாம். மறக்கவில்லை. 2020 ஜூனில் அங்குள்ள காவல் நிலையத்தில் ஒரு தந்தைக்கும் மகனுக்கும் நடந்த கொடுமைக்கு எந்த நோயும் சாக்காக முடியாது. அடிபட்ட மனத்தோடு லத்தியை ஏந்துபவர் முன்னால் நிற்கப்போவது ஏழையும் சாமானியனும்தான் என்பதால், அவரைச் சிகிச்சைக்கு அனுப்புவது நமக்கான பாதுகாப்பும்கூட.

தமிழ்நாடு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2018இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் துணையோடு காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி வந்தது. 2021 நவம்பரில் வார விடுப்புக்கு அரசாணை வந்தது. நிம்ஹான்ஸ் நிற்கும் சாலையின் பெயரே ஓசூர் சாலை. ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் போய்வந்தது தெரிந்தால் துப்பாக்கி போகும், பதவி உயர்வு போகும் என்று அஞ்சும் மனிதருக்கு அது நெடுந்தூரம்.

இழப்பீட்டுச் சட்டம் வர நாளாகலாம். ஒரு இன்ஸ்பெக்டர் இன்றே செய்யக்கூடிய காரியம் உண்டு: வெடிவிபத்து, குழந்தையின் சாவு, கொத்தாக உயிர்போன விபத்து ஆகியவற்றுக்குப் பின் அங்கே நின்றவர்களின் பெயர்களை ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் தனியாக எழுதி வைப்பது, அந்த வாரமே அத்தனை பேரையும் மருத்துவரிடம் அனுப்புவது. எல்லோரையும் அனுப்பினால் ஒருவரும் தனியாகத் தெரிய மாட்டார். ஐந்து வருடம் கழித்து ஒருவர் கோரிக்கை மனுவோடு வந்தால், எந்த இரவு என்று அவர் நிரூபிக்க வேண்டியதும் இருக்காது.