யாருடைய உழைப்பில் நம் ஓய்வு?

எங்கள் பங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். முப்பத்தாறு ஆண்டுகள் கணிதம் கற்பித்தவர். அவருடைய துணைவியார் வேலைக்குச் சென்றவர் அல்லர்; "வீட்டில்தான் இருக்கிறார்" என்று நாம் வழக்கமாகச் சொல்வோமே, அவ்வாறு இருந்தவர். இவர்களுடைய மகன் கலிபோர்னியாவில் பணியாற்றுகிறார். பெற்றோரின் நாற்பதாவது திருமண நாளுக்கு அவர் அளித்த பரிசு, இருபத்தெட்டு நாள் கடற்பயணம். 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இருவரும் லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகத்தில் ஓர் உல்லாசக் கப்பலில் ஏறினார்கள். ஹவாய்த் தீவுகளைக் கண்டு, நிலநடுக்கோட்டைக் கடந்து டாகிட்டி முதலிய தீவுகளுக்குச் சென்று, மீண்டும் அதே துறைமுகத்திற்குத் திரும்பினார்கள்.

ஊர் வந்து சேர்ந்த பின்னர் ஒரு ஞாயிறன்று, இரண்டாம் திருப்பலி முடிந்ததும் இருவரும் பங்கு இல்லத்திற்கு வந்தார்கள். சமையற்பணி செய்யும் அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தார். "நன்றாக ஓய்வெடுத்தீர்களா?" என்று கேட்டேன். "மிக நன்றாக, சாமி" என்றார் ஆசிரியர். அம்மையாரோ சற்று நேரம் பேசாமலிருந்து, "ஓய்வெடுத்தோமா என்றுதான் எனக்கும் தெரியவில்லை, சாமி. அதைக் கேட்கத்தான் வந்தோம்" என்றார். அன்று அவர்கள் சொன்னவையும், அதன்பின் என் உள்ளத்தில் ஓடியவையுமே இக்கட்டுரை.

முதல் சில நாள்கள் வியப்பிலேயே கழிந்தனவாம். கரையை விட்டால் ஹவாய் சேரும்வரை ஏறத்தாழ ஐந்து நாள்கள் நீரும் வானும் மட்டுமே. மேற்கு நோக்கிச் செல்வதால் இரண்டு இரவுகளில் கடிகாரத்தை ஒவ்வொரு மணி நேரம் பின்னோக்கித் திருப்பினார்கள். கேளாமலே இரண்டு மணி நேரம் கிடைத்தது. சற்றொப்ப ஈராயிரம் பயணிகள். அவர்களுக்குப் பணிசெய்ய ஆயிரத்திற்குச் சற்றுக் குறைவான பணியாளர்கள். காலையுணவுக்குச் சென்று வருவதற்குள் படுக்கை சீராகிவிடும். மாலையில் மறுபடியும் ஒருவர் வந்து அறையை ஒழுங்கு செய்து, துவாலையை யானை போலவோ குரங்கு போலவோ மடித்து வைத்துவிட்டுப் போவார்.

வீட்டில் நாள்தோறும் நாலரை மணிக்கு எழுந்து பழகியவர் அம்மையார். கப்பலிலும் அந்நேரத்தில் விழிப்பு வந்தது, செய்வதற்கு எதுவுமில்லை. ஐந்தாம் நாள் தாமே படுக்கையை ஒழுங்குபடுத்திவிட்டு உணவுக்குச் சென்றார். திரும்பி வந்தபோது அறைப்பணியாளர் கவலையோடு வாசலில் நின்றிருந்தார். தம் வேலையில் குறை ஏதேனும் உண்டா என்று அவர் கேட்டதும், அம்மையாருக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லையாம்.

கப்பலின் பணியாளர்கள் அணியும் பெயர்ப்பட்டையில் அவரவர் நாடும் பொறிக்கப்பட்டிருக்கும். உணவுக்கூடத்தில் இவர்களுடைய மேசைக்குப் பரிமாறிய இளைஞரின் பட்டையில் இந்தியா என்றிருந்தது. பெயரோ நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கே உரிய பெயர். "தம்பி, எந்த ஊர்?" என்று அம்மையார் தமிழில் கேட்டதும், தட்டைப் பிடித்திருந்த அவர் கை ஒரு நொடி நின்றுவிட்டதாம்.

அதன்பின் ஒவ்வொரு வேளையும் இரண்டு மூன்று சொற்களாக அவர் வாழ்க்கை தெரியவந்தது. ஒப்பந்தம் ஒன்பது மாதம். வாரத்தில் ஏழு நாளும் வேலை. நாளொன்றுக்குப் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ, மூன்று பகுதிகளாக. ஒப்பந்தம் முடியும்வரை ஒரு முழு நாள் விடுமுறை என்பது இல்லை. நீர்மட்டத்திற்குக் கீழே, சன்னலில்லாத அறையில் இருவர் தங்க வேண்டும். "கடலிலே பிறந்து வளர்ந்தவன், அம்மா. ஆனால் கடலைப் பார்த்து நாலு நாள் ஆகிறது" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். கடிகாரம் திரும்பியதால் கிடைத்த இரண்டு மணி நேரத்தை என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "தூங்கினோம். திரும்பும்போது அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமே" என்றாராம்.

ஞாயிறு வந்தது. கப்பலில் பயணம் செய்த வயது முதிர்ந்த அமெரிக்கக் குரு ஒருவர் காலையில் ஒரு கூடத்தில் திருப்பலி நிறைவேற்றினார். நம் இளைஞர் அங்கே இல்லை. அது காலையுணவு நேரம். பணியாளர்களுக்கென்று அதே குரு இரவு பதினொன்றரை மணிக்குக் கீழ்த்தளத்தில் தனியாகத் திருப்பலி நிறைவேற்றுவார் என்று தெரிந்தது. அம்மையார் அதற்குச் செல்ல விரும்பினார். பணியாளர் பகுதிக்குள் பயணிகளுக்கு அனுமதியில்லை. எனவே அந்நேரத்தில் தம் அறையிலேயே விழித்திருந்து செபமாலை சொன்னார். "கால்மாட்டில் எங்கோ ஆழத்தில் அவர்கள் பூசை காண்கிறார்கள், மேலே நான் உட்கார்ந்திருக்கிறேன் என்ற நினைவு என்னை விட்டுப் போகவில்லை, சாமி" என்றார்.

இதைப் பற்றிக் கணவன் மனைவிக்குள் வாதம் எழுந்தது. ஆசிரியரின் வாதங்கள் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. அந்த இளைஞரை எவரும் கட்டாயப்படுத்தவில்லை. ஊரில் கிடைப்பதைவிடப் பன்மடங்கு ஊதியம் பெறுகிறார். அவருடைய தங்கை செவிலியர் படிப்புப் படிப்பது அந்தப் பணத்தில்தான். நாம் இரக்கப்பட்டுப் பயணத்தைத் தவிர்த்தால் அவருக்கு நன்மையா தீமையா? இளைஞரே ஒருநாள், "நீங்கள் வராவிட்டால் எனக்கு வேலை ஏது? எனக்காக வருத்தப்படாதீர்கள், நன்றாகச் சாப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டார். பிறகென்ன?

இந்தக் கேள்வி இன்று எழுந்ததன்று. ஓய்வைப் பற்றி ஆழமாகச் சிந்தித்த அரிஸ்டாட்டில், நாம் உழைப்பதே ஓய்வுக்காகத்தான் என்றும், மனிதனுக்கு உரிய உயர்ந்த செயல்கள் ஓய்வில்தான் மலர்கின்றன என்றும் கருதினார். குருமடத்தில் இதைப் படித்தபோது நான் பெரிதும் மகிழ்ந்ததுண்டு. ஆனால் அவர் கண்ட ஓய்வு அடிமைகளின் தோள்மீது நின்ற ஓய்வு. நெசவுத்தறி தானே நெய்யுமானால் தலைவர்களுக்கு அடிமைகள் தேவைப்படமாட்டார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். தறி தானே நெய்யவில்லை. ஆகவே ஒருவன் சிந்திக்க, மற்றொருவன் நெய்தான். இதில் அவருக்கு முரண்பாடு தோன்றவில்லை.

விவிலியத்தில் ஓய்வுநாள் கட்டளை வேறு திசையில் செல்கிறது. நீ ஓய்வெடு என்பதோடு அது நிற்பதில்லை. மகன், மகள், அடிமை, அடிமைப்பெண், மாடு, கழுதை, ஊரில் தங்கியிருக்கும் அந்நியன் என்று ஒரு பட்டியலே தருகிறது. அதே கட்டளை மீண்டும் வரும் இணைச்சட்ட நூலில் காரணமும் சொல்லப்படுகிறது: உன் பணியாளும் உன்னைப் போல் இளைப்பாற வேண்டும், நீயும் எகிப்தில் அடிமையாய் இருந்தவன் என்பதை மறவாதே. உழைப்பவனை மறந்து எடுக்கும் ஓய்வை அந்தச் சட்டம் ஓய்வாகவே கணக்கிடவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

வரலாற்றில் ஒரு தற்செயல் நிகழ்வு உண்டு. ஜெர்மானியக் கப்பல் நிறுவனம் ஒன்றை நடத்திய ஆல்பர்ட் பாலின், குளிர்காலத்தில் பயணிகளின்றி வீணே நின்ற 'அவுகுஸ்தா விக்டோரியா' என்னும் கப்பலை மத்தியதரைக் கடலுக்கு இன்பச் சுற்றுலாவாக அனுப்பினார். 1891 ஜனவரி 22ஆம் நாள் அது 241 பயணிகளோடு புறப்பட்டு, ஏறத்தாழ இரண்டு மாதம் சுற்றி வந்தது. இன்றைய உல்லாசக் கடற்பயணத்தின் தொடக்கம் அதுவே என்று பலரும் கொள்வர். அதே ஆண்டு மே 15ஆம் நாள் திருத்தந்தை 13ஆம் லியோ 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். தொழிலாளிக்கு நியாயமான கூலி மட்டுமன்று, ஞாயிறு ஓய்வும் உரியது என்று அம்மடல் எடுத்துரைத்தது. தன் உடலும் உள்ளமும் தேயும்படி உழைக்க ஒருவன் தானே இசைந்தாலும், அந்த இசைவு நீதியாகிவிடாது என்றும் அது கற்பித்தது. ஆசிரியரின் முதல் வாதத்திற்கு இதில் ஒரு மறுமொழி இருக்கிறது. வறுமையோ கடனோ பின்னால் நின்று தள்ளும்போது, கட்டாயப்படுத்தியவர் எவருமில்லை என்று சொல்லிவிட முடியுமா?

நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்து, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2006இல் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அது 2013இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015இல் அதனை ஏற்றது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு வேண்டும் என்பது அதன் அளவுகோல்களில் ஒன்று. இது பெரிய முன்னேற்றம், மறுப்பதற்கில்லை. எனினும் வாரத்தின் 168 மணி நேரத்தில் 77ஐக் கழித்தால் 91 எஞ்சும் என்பதைக் கணித ஆசிரியரே எனக்குக் கணக்கிட்டுக் காட்டினார்.

2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் 'டயமண்ட் பிரின்சஸ்' என்னும் உல்லாசக் கப்பல் கொரோனாத் தொற்றால் தனிமைப்படுத்தப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கப்பலில் இருந்தோர் 3,711 பேர். அவர்களுள் 1,045 பேர் பணியாளர்கள். பயணிகள் தத்தம் அறைக்குள் இருக்குமாறு பணிக்கப்பட்டனர். பணியாளர்களோ சமைத்தனர், உணவுத்தட்டுகளை அறை அறையாகக் கொண்டு சென்றனர், இரவில் பகிர்ந்துகொள்ளும் அறைகளிலேயே உறங்கினர். மொத்தம் 712 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. ஒருவர் அறையில் பாதுகாப்பாக இருக்க வேண்டுமானால் மற்றொருவர் வெளியே நடமாட வேண்டியிருந்தது. எந்நாளும் அக்கப்பல்களில் உள்ள ஏற்பாடுதான் இது. நோய் வந்தபோது உலகத்தின் கண்ணில் பட்டது.

அப்படியானால் இத்தகைய பயணம் செல்வது பாவமா? அம்மையார் இதையும் நேராகவே கேட்டார். பாவம் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நாற்பது ஆண்டுகள் குடும்பத்தைச் சுமந்த இருவர் கடலைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பது நல்லது. இளைஞர் சொன்னது போல் அவருக்கு அதில் பிழைப்பும் இருக்கிறது. ஆனால் ஊதியம் கொடுத்துவிட்டதால் கணக்குத் தீர்ந்தது என்று எண்ணுவதுதான் தவறு. கூலி உழைப்புக்கு ஈடாகலாம். இழந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கு எது ஈடாகும்?

இதை எனக்கு விளக்கியது ஒரு வீடு. பயணத்தின் இறுதி நாளில் ஆசிரியர் ஓர் உறையில் பணம் வைத்து இளைஞரிடம் கொடுத்தார். அவர் நன்றியோடு பெற்றுக்கொண்டார். அம்மையார் அவருடைய தாயின் முகவரியைக் கேட்டு வாங்கினார். அப்போதுதான் அவர் கண்கள் நிறைந்தனவாம். ஊர் திரும்பியதும் இருவரும் பேருந்தில் அந்தக் கடற்கரைச் சிற்றூருக்குச் சென்றார்கள். மகன் அனுப்பிய பணத்தில் எழும்பிய புதிய வீடு. அதில் அவருக்கென்று ஓர் அறை: கட்டில், மின்விசிறி, கடலை நோக்கிய பெரிய சன்னல். தாய் நாள்தோறும் அந்த அறையைப் பெருக்கி, படுக்கையைத் தட்டி விரித்து வைக்கிறார். வீடு கட்டி முடிந்த இரண்டு ஆண்டுகளில் மகன் அதில் உறங்கிய நாள்கள் அறுபதுக்கும் குறைவு.

திரும்பி வரும் பேருந்தில்தான் ஆசிரியர் மனம் மாறினார் என்று எண்ணுகிறேன். அவர் என்னிடம் சொன்னதை அவருடைய இசைவோடு இங்கே எழுதுகிறேன். "சாமி, கப்பலில் இருந்தபோது அந்தத் தம்பியைப் பற்றித்தான் வாதாடினோம். பேருந்தில் வரும்போது இவளைத் திரும்பிப் பார்த்தேன். நாலரை மணிக்கு எழுந்து, எல்லாரும் உண்ட பிறகு உண்டு, ஞாயிறு என்றால் இன்னும் இரண்டு கறி கூடுதலாகச் சமைத்து... நான் இருபத்தெட்டு நாள் அல்ல, நாற்பது ஆண்டு உல்லாசக் கப்பலில்தான் இருந்திருக்கிறேன். இவளுக்கு ஒப்பந்தம் முடியும் நாள் என்று ஒன்று இருந்ததே இல்லை." அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை; குடித்து முடித்த தேநீர்க் கோப்பைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினார். ஆசிரியர் அவற்றை வாங்கிக்கொண்டு தாமே உள்ளே சென்றார்.

அவர் சென்ற திசையை நான் பார்த்தேன். அங்கே சமையலறையில், காலை ஐந்து மணி முதல் நின்றுகொண்டிருந்த அம்மா, மதியம் வரவிருந்த விருந்தினருக்காக மீனைக் கழுவிக்கொண்டிருந்தார். எத்தனையோ ஞாயிறுகளில் ஓய்வுநாளின் மாண்பைப் பற்றி மறையுரை ஆற்றிவிட்டு வந்து அவர் கையால் உண்டிருக்கிறேன். வாரத்தில் பங்கு இல்லத்திற்கு மிகுதியான விருந்தினர் வரும் நாள் ஞாயிறுதான். ஆகவே அவருக்கு மிகுதியான வேலையும் அன்றுதான். முதல் திருப்பலிக்கு வந்து, நற்கருணை வாங்கியவுடன் அவர் அடுப்பங்கரைக்கு விரைவதை நான் பக்திக் குறைவு என்றுகூட ஒருமுறை நினைத்ததுண்டு. இதை எழுத எனக்கு வெட்கமாயிருக்கிறது.

மறுவாரம் அவரை அழைத்து, இனி ஞாயிறன்று வரவேண்டாம், சம்பளத்தில் குறைவிராது என்று சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "நான் ஏதாவது தப்புச் செய்துவிட்டேனா, சாமி?" என்று கேட்டார். கப்பலில் அறைப்பணியாளர் கேட்ட அதே கேள்வி. ஓய்வு தங்களுக்கும் உரியது என்பதையே நம்ப முடியாதபடி எத்தனை பேரை நாம் ஆக்கிவைத்திருக்கிறோம்! விளக்கிச் சொல்லி ஏற்கச் செய்ய மூன்று வாரம் ஆயிற்று. இப்போது ஞாயிறன்று முந்தைய நாள் குழம்பைச் சூடாக்கி நானும் உதவிப் பங்குத்தந்தையும் உண்கிறோம். விருந்தினர் வந்தால் சோறு சற்றுக் குழைந்தோ வேகாமலோ கிடைக்கும். அவர்களுள் சிலர் முகம் சுளிப்பதும் உண்டு.

சென்ற மாதம் அந்த இளைஞர் விடுமுறையில் ஊர் வந்தபோது ஆசிரியர் வீட்டில் விருந்து. அன்றும் ஞாயிறுதான். ஆசிரியர் சமைத்தார், அம்மையார் அமர்ந்திருந்தார், இளைஞர் மூன்று முறை எழுந்து பரிமாறப் போனாராம், மூன்று முறையும் அவரை உட்கார வைத்தார்களாம். சாம்பாரில் உப்பு மிகுதி என்று கேள்வி.